நாசரேத்து முறுக்கு

என் வீட்டுக்காரர் பெஞ்சின் மேல் ஏறி நின்று ஒரு பிஸ்கட் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். கீழே பூனாவின் தமிழ்ச் சபை முழுவதும் அண்ணாந்து பார்க்கிறது.

அன்று ஸ்தோத்திரப் பண்டிகை, சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்ததை எல்லாம் ஏலம் விடும் நாள். பூசணிக்காய் ஏலம் போய்விட்டது. வாழைத்தார் போய்விட்டது. யாரோ காணிக்கையாகக் கொண்டுவந்த சேவல் நடுவில் ஒருமுறை தப்பி ஓடி, பாடகர் குழுவின் பெஞ்சுக்கு அடியில் பிடிபட்டு, அதுவும் போய்விட்டது. மிச்சம் இருந்தது எங்கள் டப்பாதான்.

“இது என்னன்னு தெரியுமா?” என்று கேட்டார் அவர். ராணுவக் கணக்கு ஆபீசில் நாள் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மனிதர். ஏலம் என்றால் மட்டும் எங்கிருந்தோ ஒரு குரல் வந்துவிடும். “இது நாசரேத்து முறுக்கு! நாசரேத்து! யூத வீட்டு அடுப்புல, யூதப் பொம்பளை தன் கையால சுட்டது! இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேதம் படிச்சவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

சபையார் மனதுக்குள் கணக்குப் போடுவது எனக்குக் கண்ணால் தெரிந்தது. நாசரேத்து. யூத வீடு. அடுப்பு. யாருக்கோ விடை வந்துவிட்டது.

“ஆண்டவர் சின்னப் பிள்ளையில தின்னதா?” என்று நடுங்கும் குரலில் கேட்டார் தங்கபாய் அக்கா. பாடகர் குழுவின் தலைமைக் குரல் அவருடையது.

என் வீட்டுக்காரர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண்களை மூடி, டப்பாவை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

ஏலம் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

அப்பாவும் சித்தப்பாவும்

இந்தத் தொடரில் வீட்டுக்காரரை நான் அதிகமாகக் கிண்டல் செய்கிறேன் என்று ஒரு வாசகி வருத்தப்பட்டிருக்கிறார். இந்த வாரத்தையும் படித்துவிட்டு அவரே நியாயம் சொல்லட்டும்.

அந்த டப்பா எப்படி எங்கள் கைக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி வானவடி குவார்ட்டர்ஸுக்கு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, கேம்ப் பக்கம் ஒரு ஆபீசில் டைப் அடிக்கப் போனேன். பக்கத்து மேசையில் இருந்தவள் மோஸெல். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், கல்யாணம் ஆகாதவள். அவளுடைய தாத்தா காலத்தில் பாக்தாத்திலிருந்து கப்பலேறி பம்பாய் வந்த யூதக் குடும்பம். பிறகு பூனாவில் தங்கிவிட்டார்கள். அண்ணன் எஸ்ராவும் அவளும் சிவப்புச் செங்கல் ஜெப ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டில் குடியிருந்தார்கள்.

ஒருநாள் அந்த ஆபீஸ் பம்பாய்க்கு இடம் மாறியது. எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று. கடைசி நாள் படியிறங்கும்போது மோஸெல், “லில்லி, எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. டைப்பிங், பேக்கிங். ஒண்ணு போச்சு. சலோ, மத்ததைப் பார்க்கலாம்” என்றாள். நாங்கள் பேசிக்கொண்டது பூனா இந்தியும் இங்கிலீஷும் கலந்த ஒரு மொழி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவள் வீட்டில் கரி போட்டு எரிக்கும் பெரிய இரும்பு ஓவன் ஒன்று இருந்தது. அதில் மூன்று தினுசு சுட்டோம். பாலாடைக்கட்டியை உள்ளே வைத்துப் பிறைபோல் மடித்த சம்பூசக். பேரீச்சம்பழ விழுதை உள்ளே வைத்துத் தட்டிய வட்டம், அதற்கு ‘பாபா’ என்று பெயர். சோம்பு போட்டு வளையமாகச் சுற்றி, கடக்கென்று உடையும்வரை சுட்ட உப்பு பிஸ்கட். அதன் பெயரில்தான் வம்பு. அதை அவர்கள் வீட்டில் ‘காக்கா’ என்பார்கள்.

மராத்தியில் பாபா என்றால் அப்பா, காக்கா என்றால் சித்தப்பா. மைதா வாங்கப் போனால் மளிகைக் கடைக்காரர், “இன்னிக்கு யாரைச் சுடறீங்க? அப்பாவையா, சித்தப்பாவையா?” என்று கேட்பார். எங்கள் தமிழ்க்காரர்களிடம் போனால் நிலைமை அதைவிட மோசம். “லில்லி ஏதோ காக்கா பிஸ்கட் விக்காளாம்” என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி “அய்யய்யோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாளாம். சம்பூசக்கும் பாபாவும் எப்படியோ போயின. காக்கா மட்டும் டப்பா டப்பாவாக அலமாரியில் அடைகாத்தது.

மோஸெலின் சமையலறைக்குச் சட்டங்கள் உண்டு. இறைச்சி உள்ளே வரக்கூடாது. அடுப்பை அவள் கையால்தான் பற்ற வைக்க வேண்டும். இறாலை அவர்கள் தொடவே மாட்டார்கள். என் மதியச் சாப்பாட்டு டப்பாவில் இறால் தொக்கு இருந்தால் அது தெருப்பக்கத்து ஜன்னல் கட்டையோடு நிற்க வேண்டும். ஒருநாள் நிஜமான காக்கை ஒன்று வந்து மூடியைத் தள்ளித் தொக்கை முடித்துவிட்டுப் போனது. மோஸெல் சிரித்துச் சிரித்து மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எஸ்ராவின் கெடு

எஸ்ரா சிரிக்காத மனிதர். ஒல்லி, உயரம், எப்போதும் சட்டையின் கழுத்துப் பட்டன் போட்டிருப்பார். ஜெப ஆலயத்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக இஸ்ரேலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தெருவில் ஒரு வீடு பூட்டும், அடுத்த மாதம் இன்னொன்று.

எஸ்ரா தங்கையிடம் சொல்லியிருந்தார்: “பஸ்கா பண்டிகை வரைக்கும் பார். உன் வியாபாரம் சொந்தக் காலில் நின்றால் நீ இரு. இல்லையென்றால் என்னோடு கிளம்பு. உன்னைத் தனியாக, வருமானம் இல்லாமல் இங்கே விட்டுவிட்டு நான் போக மாட்டேன்.”

மோஸெலுக்குப் போக இஷ்டமில்லை. “அங்கே போய் நான் யார்? யாரோ ஒரு வயசான இந்தியாக்காரி. இங்கே நான் மோஸெல்” என்பாள். ஆனால் எதிரில் அலமாரி நிறையக் காக்கா இருக்கும்போது அண்ணனோடு எப்படி வாதாடுவது?

அந்த நிலையில்தான் நான் வீட்டில் புலம்பினேன். “அந்தப் பேரைக் கேட்டுத்தாங்க யாரும் வாங்க மாட்டேங்காவ.”

“பேருதானட்டி? அதை என்கிட்ட விடு” என்றார் என் வீட்டுக்காரர். அன்றே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விக்கல் நின்ற வரலாறு

ஏலம் முடிந்த வாரம் தங்கபாய் அக்காவின் கணவருக்கு விடாத விக்கல். எந்தக் கைமருந்துக்கும் அது கட்டுப்படவில்லை. அக்கா ஒரு நாசரேத்து முறுக்கை ஜெபத்தோடு அவர் வாயில் வைத்திருக்கிறார். அது எவ்வளவு காய்ந்த பண்டம் என்று சுட்ட எனக்குத் தெரியும். மனிதர் தொண்டை அடைத்து ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்திருக்கிறார். விக்கல் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைச் சுற்றிக் கூட்டம். கிர்க்கீயிலிருந்து ஒருத்தி, தேஹு ரோட்டிலிருந்து ஒருத்தி. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு டப்பா. பிரயாணம் போகிறவருக்கு ஒரு டப்பா. முட்டிவலிக்கு ஒருவர் கேட்டார், அதைத் தின்பதா தேய்ப்பதா என்று.

“ஏங்க, இது எங்க போய் முடியப் போவுதோ” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“நான் என்னட்டி பொய்யா சொன்னேன்? நாசரேத்துன்னேன். எனக்குச் சொந்த ஊரு நாசரேத்து. ஆழ்வார்திருநகரி தாண்டினா அடுத்த ஸ்டேஷன். வேணும்னா டிக்கெட் எடுத்துப் போய்ப் பாக்கட்டும். யூத வீட்டு அடுப்புன்னேன். அதுவும் நெசம். ரெண்டு நெசத்தையும் சேத்து வச்சுக் கூட்டினது அவங்க.”

இவரோடு நாற்பது வருஷம் எப்படிக் குடித்தனம் செய்தேன் என்று கேட்கிறவர்களுக்கு இது ஒரு சாம்பிள்தான்.

மோஸெலுக்குத் தமிழ் தெரியாது. டப்பாக்கள் பறந்தன, அவள் முகம் பூரித்தது. “பார்த்தாயா எஸ்ரா, தமிழ்க்காரர்களுக்கு நாக்கு எப்படி என்று! எங்கள் காக்காவின் அருமை அவர்களுக்குத்தான் தெரிகிறது” என்று தினமும் அண்ணனிடம் சொன்னாள். எஸ்ரா ஒரு காக்காவை எடுத்து, கடித்து, யோசித்துவிட்டுப் போவார்.

நான் உண்மையை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

பாஸ்டர் ஐயா வந்த நாள்

அந்த வருஷம் அவர்களுடைய பஸ்காவும் எங்களுடைய ஈஸ்டரும் ஒரே வாரத்தில் வந்தன.

பஸ்காவுக்கு முன்னால் அவர்கள் வீட்டைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்வார்கள். புளித்த மாவின் துணுக்குகூட வீட்டில் இருக்கக்கூடாது. நான் போனபோது அலமாரிகள் காலி. மைதா மூட்டை பால்காரருக்குக் கொடுப்பதற்காக வாசலில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. எஸ்ரா ஏணி மேல் நின்று பரணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மோஸெல் தலையில் துணி கட்டிக்கொண்டு ஓவனுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தாள்.

அப்போது வாசலில் மூன்று பேர். பாஸ்டர் ஐயா, தங்கபாய் அக்கா, அவர்களுக்குப் பின்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் என் வீட்டுக்காரர்.

பாஸ்டர் ஐயா நல்ல மனிதர், நாசூக்கானவர். இங்கிலீஷில் ஆரம்பித்தார். சபையில் எல்லா வீட்டுக்கும் ஈஸ்டர் காலையில் ஒரு டப்பா கொடுக்க ஆசைப்படுகிறார்கள். நாங்கள் அதுவரை பார்த்த ஆர்டர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இதற்கு ஈடில்லை. மோஸெலின் கண் விரிந்ததை நான் பார்த்தேன். ஏணி மேல் எஸ்ராவின் துணி நின்றதையும் பார்த்தேன்.

“அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம்” என்றார் ஐயா. “நான் பிரசங்க பீடத்தில் நிற்கிறவன். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பண்டம் இயேசு சாமி சிறுவயதில் சாப்பிட்டது என்பது உங்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவதா?”

மோஸெல் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கடைசியாக என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

“ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த ஸ்டேஷன்…” என்று ஆரம்பித்தார் அவர். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

நான்தான் நடந்ததைச் சொன்னேன். ஏலம், விக்கல், முட்டிவலி எல்லாம். மோஸெல் தலைத்துணியை அவிழ்த்து மேசை மேல் வைத்துவிட்டுப் பின்பக்கத்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

“என் கைப்பக்குவம் பிடித்து வாங்குகிறார்கள் என்று நினைத்தேன் லில்லி. எஸ்ராவிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டேன்! எல்லாம் உங்கள் இயேசுவுக்காகத்தானா?”

நான் உண்மையைத்தான் சொன்னேன். “இங்க பாரு. பக்திக்கு ஒரு டப்பா வாங்குவாங்க. தங்கபாய் அக்கா மாசத்துக்கு நாலு டப்பா வாங்கறாங்களே, அது பக்தி இல்ல மோஸெல். தீனி.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பினாள்.

“நாலா?”

“நாலு. வீட்டுக்காரருக்குக்கூடக் கொடுக்காம.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பாஸ்டர் ஐயாவின் முன்னால் நேராக நின்றாள்.

“பாதிரியாரே, இது எங்கள் அம்மா சுட்டது. அவளுக்கு அவள் அம்மா. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. உங்கள் மரியாள் என்ன சுட்டாள் என்று நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரியும். இந்த வாரத்தில் அவள் வீட்டில் ஒரு கைப்பிடி மாவு இருந்திருக்காது. அவளும் இப்படித்தான் தலையில் துணி கட்டிக்கொண்டு அடுப்புக்குள் தலையை விட்டிருப்பாள். பண்டிகை முடிகிறவரை நான் மாவைத் தொட மாட்டேன். ஆர்டருக்கு நன்றி. மன்னியுங்கள்.”

ஏணி மேல் எஸ்ரா அசையவில்லை. உண்மை வெளிவந்தபின் அந்த ஆர்டரும் போனால் வியாபாரம் போயிற்று, வியாபாரம் போனால் பூனா போயிற்று என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

பாஸ்டர் ஐயாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோபமே இல்லை. வாசலில் கட்டிக் கிடந்த மைதா மூட்டையையும் காலி அலமாரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “முப்பது வருஷமாகப் புளிப்பில்லாத அப்பத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறேன். இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன்” என்றார்.

தங்கபாய் அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. “அப்ப ஈஸ்டருக்கு ஒண்ணுமே கிடையாதா லில்லி?” என்று தமிழில் என் காதைக் கடித்தார்.

அந்த நிமிஷம்தான் என் மூளை விழித்துக்கொண்டது.

மாவில்லாத பண்டம்

“மோஸெல், முந்திரிப்பருப்பு சாப்பிடலாமா இந்த வாரம்?”

“சாப்பிடலாம்.”

“சர்க்கரை? முட்டையோட வெள்ளைக்கரு?”

“சாப்பிடலாம். எதற்குக் கேட்கிறாய்?”

“எங்க ஊர்ல மெக்ரூன்னு ஒண்ணு உண்டு. இந்த மூணுதான். வேற ஒண்ணும் கிடையாது.”

“மாவு?” என்றது ஏணி மேலிருந்து ஒரு குரல்.

“ஒரு சிட்டிகைகூடக் கிடையாது எஸ்ரா பாய்.”

“ஈஸ்ட்?”

“இல்லை.”

“தட்டுகள் புதிதாக வாங்க வேண்டும். பழைய மாவு ஒட்டியிருந்தால் எரிந்துபோகும்படி ஓவனைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். பற்ற வைப்பது மோஸெல்” என்று சொல்லிவிட்டு எஸ்ரா மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

வெள்ளைக்கருவை நுரை நுரையாக, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடிக்க வேண்டும். மிஷின் ஏது? அந்த வேலையை நாசரேத்துக்காரருக்குக் கொடுத்தாள் மோஸெல். அவர் லீவு போட்டுவிட்டு வந்து அடித்தார். கை மாற்றினால், “ஜெபராஜ் பாய், ஏலத்தில் இதைவிட வேகமாக இருந்தீர்களாமே” என்பாள். வியர்வை உள்ளே விழக்கூடாது என்று அவர் நெற்றியில் தன்னுடைய தலைத்துணியையே கட்டிவிட்டாள். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்துத்தான், உண்மை தெரிந்த பிறகு முதல்முறையாக அவள் சிரித்தாள்.

முதல் தட்டு கருகிவிட்டது. மோஸெலுக்கு நல்ல சூடுதான் பழக்கம். மெக்ரூனுக்கு அது ஆகாது. தணல் அடங்கி ஓவன் ஆறிக்கொண்டிருக்கும்போது உள்ளே வைத்து, வேகவிடாமல் காயவிட வேண்டும். அடுத்த தட்டு வெளியே வந்தபோது தூத்துக்குடி கடைத்தெருவே வந்ததுபோல் இருந்தது. கோபுரம் கோபுரமாக, வெள்ளை வெளேரென்று, தொட்டால் மொறுமொறு, வாயில் போட்டால் காணோம்.

மோஸெல் ஒன்றை வாயில் போட்டாள். உடனே இன்னொன்றையும் எடுத்தாள். பிறகு, “லில்லி, இத்தனை நாளாக இதை மறைத்து வைத்துக்கொண்டு என்னைக் காக்கா விற்க விட்டாயா?” என்றாள்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் ஆராதனையில் பாஸ்டர் ஐயா, அது நம்ம ஊர் நாசரேத்துதான் என்று சொல்லி, விக்கல் விஷயத்தைச் சிரித்தபடியே முடித்து வைத்தார். யூத சகோதரி ஒருத்தி தன் விரதத்துக்காகப் பெரிய ஆர்டரை வேண்டாம் என்று சொன்னதையும் பேர் சொல்லாமல் சொன்னார். ஈஸ்டர் காலையில் மெக்ரூன் டப்பா ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகும் காக்கா விற்றது. நாசரேத்து முறுக்கு என்ற பேர் மட்டும் மாறவே இல்லை. முட்டிவலிக்காரரும் வாங்கிக்கொண்டிருந்தார்.

பாஸ்ராவிலிருந்து வந்தது

பண்டிகையின் நடுவில் மோஸெல் ஒரு டப்பா மெக்ரூனை ஜெப ஆலயத்துப் பெண்களுக்குக் கொண்டுபோனாள். மாவில்லாத வாரத்தில் அப்படி ஒரு தின்பண்டம் அவர்கள் கண்டதில்லை. பம்பாயிலிருந்து வந்திருந்த ஒரு சீமாட்டி, “இது யாருடைய பக்குவம்?” என்று கேட்டிருக்கிறார்.

“எங்கள் அம்மாவுடையது. அம்மா வழியில் பாஸ்ரா” என்று இவள் கண் சிமிட்டாமல் சொல்லியிருக்கிறாள்.

என்னிடம் அவளே வந்து சொன்னாள், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

“ஈராக்குல இருக்கற பாஸ்ராவா? எங்க தூத்துக்குடி என்னாச்சு?”

“தூத்துக்குடி என்றால் அவர்களுக்கு வாயில் நுழையவில்லை” என்றாள். “தவிர, நான் நல்ல வாத்தியாரிடம்தான் படித்தேன்.” வெள்ளைக்கரு அடித்துக் கை வீங்கி உட்கார்ந்திருந்த வாத்தியார், கேட்காததுபோல் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

பஸ்கா முடிந்தது. பம்பாயிலிருந்து ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. எஸ்ரா தன் கெடுவைப் பற்றி மறுபடி பேசவில்லை. எண்பதுகளில் நாங்கள் இரண்டாவது ஓவன் வாங்கினோம். பூனா புனே ஆகிவிட்டிருந்தது. எங்களுக்கு வாயில் பூனாதான்.

கடைசியில் எஸ்ரா தனியாகத்தான் கிளம்பினார். மூட்டுவலி, இஸ்ரேலிலிருந்து சொந்தக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், இனி அங்கேதான் என்று. விமானம் பம்பாயிலிருந்து. நாங்கள் ரயிலடிக்குப் போய் ஒரு டப்பா மெக்ரூனை அவர் மடியில் வைத்தோம். மோஸெல் டீ வாங்கிவரப் போன சமயம், கழுத்துப் பட்டன் போட்ட அந்த மனிதர் ஜன்னல் வழியே என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

“லில்லி, பாஸ்ராவில் முந்திரி ஏது?”

மோஸெல் வருகிறாளா என்று நான் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“எங்கள் அம்மாவுக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது. காக்கா சுட்டது எங்கள் வீட்டுச் சமையல்காரர், ரத்னகிரிக்காரர். மோஸெல் அப்போது குழந்தை, அவளுக்கு ஞாபகமில்லை. நான் ஜெப ஆலயத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தச் சீமாட்டிகள் வாங்குவதை நிறுத்தியிருப்பார்கள். வியாபாரம் நின்றிருக்கும். அவளும் இன்று இந்த ரயிலில் உட்கார்ந்திருப்பாள்.”

அவர் ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்தார். மோஸெல் இரண்டு கையிலும் டீயை ஏந்திக்கொண்டு, சிந்திவிடாமல் இருக்க கோப்பைகளையே பார்த்தபடி, ஒரு போர்ட்டரை மராத்தியில் திட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தாள்.

“அவளை அங்கே கொண்டுபோய் நான் என்ன செய்ய?” என்றார் எஸ்ரா. வண்டி ஊதியது. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“இன்னொரு டப்பா இருக்கிறதா?”